ஆர்எக்ஸ்ஜேஎஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாவாஸ்கிரிப்ட் தெரியும், ஆனால் ஆர்எக்ஸ்ஜேஎஸ் (RxJS) என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் நிரம்பிய புராஜெக்ட் ஒன்றில் திடீரென்று உட்கார வைத்துவிட்டார்கள் என்பவர்களுக்காக எழுதியது. இங்கே சொல்வதெல்லாம் 7-ஆம் பதிப்புக்குப் பொருந்தும். பழைய 5, 6 புராஜெக்ட்டுகளில் சில பெயர்கள் மாறும், அடிப்படை மாறாது.

ஒரே மூச்சில் சொல்லுங்கள், இது என்ன செய்கிறது?

இப்போது ஒன்று, அரை நொடி கழித்து ஒன்று, பிறகு எப்போதோ இன்னொன்று என்று வரும் செய்திகளை, ஒரு அணியை (அரே) கையாளுவதுபோல் வடிகட்டவும் மாற்றவும் சேர்க்கவும் விடுகிறது. கூடவே, பாதியில் நிறுத்தவும் விடுகிறது. இரண்டாவதுதான் பெரிய விஷயம். பலரும் முதலாவதைப் பார்த்து மயங்கி, இரண்டாவதைக் கவனிப்பதில்லை.

எங்கிருந்து வந்தது?

இதன் மூலமான ஆர்எக்ஸ் (ரியாக்டிவ் எக்ஸ்டென்ஷன்ஸ்) மைக்ரோசாஃப்டில் எரிக் மெய்யர் குழுவில் பிறந்தது. 2009-இல் டாட்நெட்டுக்காக வெளிவந்தது, 2012 நவம்பரில் திறமூலமானது. ஜாவாஸ்கிரிப்ட் வடிவத்தின் தொடக்க வேலைகளில் மேத்யூ பாட்வைசாக்கியின் பங்கு பெரியது. 5-ஆம் பதிப்பு, பென் லெஷ் தலைமையில் அடியிலிருந்து திரும்ப எழுதப்பட்டு 2016 டிசம்பரில் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வலைச் செயலிக் கட்டமைப்பான ஆங்குலர் 2 இதையே தன் உள்ளுறுப்பாக வைத்துக்கொண்டு வெளியானதால்தான், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் இது வந்து சேர்ந்தது. 6-ஆம் பதிப்பு 2018-இல், 7-ஆம் பதிப்பு 2021-இல்.

ப்ராமிஸ் போதாதா?

ஒரு கோரிக்கை, ஒரு பதில் என்றால் தாராளமாகப் போதும். ப்ராமிஸ் ஒரே ஒரு மதிப்பைத் தரும். உருவாக்கிய கணமே வேலையைத் தொடங்கிவிடும். அதை நிறுத்தும் வழி அதனிடமே கிடையாது. அப்சர்வபிள், அதாவது ஆர்எக்ஸ்ஜேஎஸ்ஸின் செய்தி ஓடை (ஸ்ட்ரீம்), மூன்றிலும் வேறு: எத்தனை மதிப்பும் தரலாம், யாராவது சப்ஸ்கிரைப் செய்யும்வரை, அதாவது கேட்கத் தொடங்கும்வரை, சும்மா கிடக்கும், அன்சப்ஸ்கிரைப் செய்தால் பின்னணி வேலையையும் நிறுத்தும்.

நான்காவதாக ஒன்றும் உண்டு. ப்ராமிஸின் பதில் எப்போதும் அடுத்த சுற்றில்தான் வரும். அப்சர்வபிள் அப்படி உறுதி தருவதில்லை. மூன்று எண்களைத் தரும் ஒரு ‘ஆஃப்’ (of) ஸ்ட்ரீமை சப்ஸ்கிரைப் செய்தால், அடுத்த வரி ஓடுவதற்கு முன்பே மூன்றும் வந்து முடிந்திருக்கும். "சப்ஸ்கிரைப்புக்குக் கீழே வைத்த மாறிக்கு உள்ளே மதிப்பே இல்லையே" என்ற குழப்பம் பெரும்பாலும் இதனால் வருவது.

மேப், ஃபில்டர் எல்லாம் அணிகளிலேயே இருக்கின்றனவே?

பெயரும் நோக்கமும் ஒன்று. நடப்பது வேறு. அணியில் மேப் முடித்து ஒரு முழுப் புதிய அணியைத் தரும், அதன் மேல் ஃபில்டர் இன்னொரு புதிய அணியைத் தரும். ஸ்ட்ரீமில் ஒரு செய்தி வந்ததும், அது மட்டும் பைப் என்ற முறையில் வரிசையாக அடுக்கிய மேப், ஃபில்டர் போன்ற எல்லா ஆபரேட்டர்களையும் தாண்டிக் கடைசிவரை போகும். பிறகுதான் அடுத்த செய்தி.

சார்பு நிரலாக்கம் இங்கே எங்கே வருகிறது என்றால், ஒவ்வொரு ஆபரேட்டரும் ஒரு ஸ்ட்ரீமை வாங்கி வேறொரு ஸ்ட்ரீமைத் திருப்பித் தரும் சார்பு (ஃபங்ஷன்). மூலத்தைத் தொடாது. ஆகவே நாலு ஆபரேட்டர்களை ஒன்றாகக் கட்டி, உங்கள் பெயரில் ஒரு ஆபரேட்டராக வைத்துக்கொண்டு பத்து இடங்களில் போடலாம். இதைச் செய்யும் குழுக்கள் குறைவு. ஒரே பைப்பை வெட்டி ஒட்டும் குழுக்கள்தான் அதிகம்.

நிலையைச் சுமக்க வேண்டிய இடத்தில் வெளியே ஒரு மாறியை வைக்காமல் ஸ்கேன் பயன்படுத்துங்கள். ரெட்யூஸ் எல்லாம் முடிந்தபின் ஒரு விடை தரும், ஸ்கேன் ஒவ்வொரு அடியிலும் இதுவரையான விடையைத் தரும். முடிவே இல்லாத ஸ்ட்ரீமில் ரெட்யூஸ் போட்டால் விடை வராது, பிழையும் வராது.

ஆபரேட்டர்கள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. எல்லாம் படிக்க வேண்டுமா?

வேண்டாம். மேப், ஃபில்டர், டேப், ஸ்கேன், ஸ்டார்ட்வித், டிபவுன்ஸ்டைம், டிஸ்டிங்ட்அன்டில்சேஞ்ச்ட், டேக்அன்டில், கேட்ச்எரர், ரீட்ரை, ஷேர், கம்பைன்லேட்டஸ்ட், வித்லேட்டஸ்ட்ஃப்ரம், இவற்றோடு கீழே வரும் நான்கு மேப்புகள். அன்றாட வேலையில் பெரும்பகுதி இதற்குள் முடிந்துவிடும். மீதியைத் தேவைப்படும்போது பாருங்கள். நேர்காணலில் யாராவது அரிய ஆபரேட்டர் பெயரைக் கேட்டால், அது அவர்கள் குழுவைப் பற்றிய தகவல்.

ஸ்விட்ச்மேப், கான்கேட்மேப், மெர்ஜ்மேப், எக்ஸாஸ்ட்மேப்: எதை எங்கே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள். நான்கும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: வந்த ஒவ்வொரு செய்திக்கும் ஒரு உள் ஸ்ட்ரீமைத் தொடங்குகின்றன. முந்தைய உள் ஸ்ட்ரீம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போது புதுச் செய்தி வந்தால் என்ன செய்வது? வேறுபாடு அங்கே மட்டும்தான்.

ஸ்விட்ச்மேப் பழையதை நிறுத்திவிட்டுப் புதியதைத் தொடங்கும். கான்கேட்மேப் புதியதை வரிசையில் நிறுத்தி, பழையது முடிந்தபின் எடுக்கும். மெர்ஜ்மேப் இரண்டையும் பக்கம்பக்கமாக ஓட விடும். எக்ஸாஸ்ட்மேப் புதியதைக் கண்டுகொள்ளாமல் தூக்கிப் போடும்.

இனி நடப்பைப் பாருங்கள். ‘பணம் செலுத்து’ பட்டனை ஒருவர் பதற்றத்தில் மூன்று முறை அழுத்துகிறார். மெர்ஜ்மேப் என்றால் மூன்று கோரிக்கைகள், கணக்கிலிருந்து மூன்று கழிவுகள். கான்கேட்மேப் என்றால் அதே மூன்று கழிவுகள், ஆனால் ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாக. ஸ்விட்ச்மேப் என்றால் உலாவி முதல் இரண்டு கோரிக்கைகளை ரத்து செய்ததாகக் காட்டும், ஆனால் அவை சர்வரை ஏற்கெனவே அடைந்திருக்கலாம். பணம் போயிருக்கும், பதிலைக் கேட்க மட்டும் ஆள் இல்லை. நான்கிலும் இதுதான் மோசம். எக்ஸாஸ்ட்மேப் முதல் அழுத்தலை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதற்காக சர்வரில் இரட்டைக் கோரிக்கையைத் தடுக்கும் ஏற்பாடு தேவையில்லை என்று ஆகிவிடாது. பக்கத்தைப் புதுப்பித்துவிட்டு மீண்டும் அழுத்துபவரை எந்த ஆபரேட்டரும் தடுக்காது.

என் வழக்கம் இது. படிக்கும் கோரிக்கைக்கு ஸ்விட்ச்மேப். எழுதும் கோரிக்கைக்கு, அதாவது சேமிப்பு, திருத்தம், நீக்கத்துக்கு, கான்கேட்மேப். உள்நுழைவு, பணம் செலுத்துதல் போன்ற பட்டன்களுக்கு எக்ஸாஸ்ட்மேப். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத வேலைகளுக்கு மட்டும் மெர்ஜ்மேப், அதுவும் ஒரே நேரத்தில் எத்தனை என்ற வரம்போடு. அந்த வரம்பை இரண்டாவது அளபுருவாகத் தரலாம். தராவிட்டால் வரம்பே இல்லை: 200 படங்களை ஏற்றச் சொன்னால் 200 கோரிக்கைகளையும் உடனே தொடங்கிவிடும். 4 என்று கொடுத்தால் ஒரே நேரத்தில் நான்குக்கு மேல் ஓடாது, ஒன்று முடிந்ததும் அடுத்தது தொடங்கும். வரம்பு 1 என்றால் அதுவே கான்கேட்மேப்.

தேடல் பெட்டிக்கு எல்லோரும் ஒரே உதாரணம் தருகிறார்கள். தமிழில் தட்டும்போது அது சரியாக வேலை செய்வதில்லையே?

பாடநூல் உதாரணம் இப்படிப் போகும்: உள்ளீட்டு நிகழ்வு, அதிலிருந்து மதிப்பை எடுக்க மேப், தட்டல் நின்று 300 மில்லிநொடி அமைதி வரும்வரை காத்திருக்க டிபவுன்ஸ்டைம், முந்தையதே என்றால் விட்டுவிட டிஸ்டிங்ட்அன்டில்சேஞ்ச்ட், கடைசியில் ஸ்விட்ச்மேப். தமிழுக்கு மூன்று இடங்களில் இடறும்.

ஒன்று, ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் "ம" என்று வருவதற்கு முன் "ம்" வந்து நிற்கும். ஓர் எழுத்துக்கு இரண்டு மூன்று தட்டல்கள். 300 மில்லிநொடியில் நிதானமாகத் தட்டுபவர் ஒவ்வொரு அரைகுறை எழுத்துக்கும் ஒரு தேடலை அனுப்பிவிடுவார். நான் 400-க்குக் கீழே வைப்பதில்லை.

இரண்டு, எழுத்து இன்னும் கோர்க்கப்படுகிறது என்பதைச் சொல்லும் ஒரு கொடி நிகழ்விலேயே உண்டு. அதைப் பார்த்து ஃபில்டர் செய்தால் போதுமே என்று தோன்றும். மேசைக் கணினியில் அது ஒப்பேறும். ஆண்ட்ராய்டு விசைப்பலகைகள் பலவும் ஒரு முழுச் சொல்லையும் கோர்ப்பில் உள்ளதாகவே வைத்திருக்கும். இடைவெளி தட்டும்வரை தேடலே நடக்காது. ஆகவே கொடியை நம்பாமல் டிபவுன்ஸை நம்புங்கள்.

மூன்று, "கொ" என்ற எழுத்தின் உயிர்மெய்க் குறி யூனிகோடில் ஒற்றைக் குறியீடாகவும் வரலாம், கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாகவும் வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். டிஸ்டிங்ட்அன்டில்சேஞ்ச்ட் கண்ணுக்கு இரண்டும் வேறு. மேப்பிலேயே சரத்தின் நார்மலைஸ் முறையை அழைத்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஒரு வரி வேலை. சர்வரில் தேடல் அட்டவணையும் அதே வடிவத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் "கொடைக்கானல்" என்று தேடியவருக்கு வெறும் பக்கம்தான் வரும்.

ஒரே கோரிக்கை நெட்வொர்க் பேனலில் இரண்டு தடவை தெரிகிறது. ஏன்?

இரண்டு இடங்களில் சப்ஸ்கிரைப் செய்திருக்கிறீர்கள். ஆங்குலரின் எச்டிடிபி கிளையன்ட் தருவது குளிர்ந்த ஸ்ட்ரீம்: ஒவ்வொரு சப்ஸ்கிரைப்புக்கும் வேலையை முதலிலிருந்து தொடங்கும். ஆங்குலர் டெம்ப்ளேட்டில் அசிங்க் பைப் (தானாக சப்ஸ்கிரைப் செய்யும் வசதி) இரண்டு முறை போட்டாலும் இதே கதைதான். மவுஸ் நகர்வு, வெப்சாக்கெட் போல யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதைச் சூடான ஸ்ட்ரீம் என்பார்கள்.

குளிர்ந்ததைப் பகிர்வதற்கு ஷேர். புதிதாக வருபவருக்குக் கடைசி மதிப்பும் வேண்டும் என்றால் ஷேர்ரீப்ளே. இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஷேர்ரீப்ளேவுக்கு வெறும் 1 என்று மட்டும் கொடுத்தால், கேட்பவர்கள் எல்லோரும் போனபிறகும் மூலத்தோடு உள்ள இணைப்பை அது விடாது. எச்டிடிபி தானாக முடிந்துவிடும், பிரச்சினையில்லை. மூலம் வெப்சாக்கெட்டாகவோ இன்டர்வெலாகவோ இருந்தால், பயனர் பக்கத்தைவிட்டுப் போய் மணிக்கணக்கானாலும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். ரெஃப்கவுன்ட் என்ற அமைப்பை உண்மை என்று வைத்தால் சரியாகும்.

பிழை ஒன்று வந்ததும் தேடல் பெட்டி செத்துவிடுகிறது. கேட்ச்எரர் போட்டிருக்கிறேனே?

போட்டிருப்பீர்கள், வெளிப் பைப்பின் கடைசியில். ஒரு ஸ்ட்ரீமில் எத்தனை மதிப்புகளும் வரலாம், ஆனால் பிழையோ முடிவோ ஒருமுறைதான், அதோடு அது தீர்ந்தது. வெளியே போட்ட கேட்ச்எரர், பிழை வந்ததும் வேறொரு ஸ்ட்ரீமைத் தருகிறது. தட்டலைக் கேட்டுக்கொண்டிருந்த பழைய ஸ்ட்ரீம் அதற்குள் முடிந்துவிட்டது.

கேட்ச்எரரை ஸ்விட்ச்மேப்புக்குள், எச்டிடிபி கோரிக்கையின் பைப்பில் வையுங்கள். அப்போது அந்த ஒரு கோரிக்கை மட்டும் தோற்கும், தட்டல் ஸ்ட்ரீம் பிழைத்திருக்கும். உள்ளே வெற்று ஸ்ட்ரீமைத் திருப்பி விட்டுப் பிழையை விழுங்கிவிடாமல், ‘தோல்வி’ என்று சொல்லும் ஒரு மதிப்பைத் தாருங்கள். திரையில் காட்ட ஏதாவது வேண்டுமே.

வெப்சாக்கெட் அறுந்தால் தானாக மறுபடி இணைக்க எப்படி?

ரீட்ரைக்கு ஒரு அமைப்புப் பொருளைத் தரலாம். அதில் ‘டிலே’ என்பதற்கு எண்ணுக்குப் பதில் ஒரு சார்பைக் கொடுங்கள்: எத்தனையாவது முயற்சி என்பது அந்தச் சார்புக்குத் தெரியும், அதை வைத்து 1 நொடி, 2, 4, 8 என்று ஏற்றி 30 நொடியில் நிறுத்தும் ஒரு டைமரைத் திருப்பித் தாருங்கள். அதோடு சில நூறு மில்லிநொடிகளைக் குலுக்கலாகச் சேருங்கள். சர்வர் ஒருமுறை விழுந்து எழும்போது, அத்தனை பயனர்களும் ஒரே நொடியில் கதவைத் தட்டினால் அது மறுபடி விழும்.

பலர் விட்டுவிடும் மூன்று நுணுக்கங்கள் உண்டு. ‘ரீசெட்ஆன்சக்சஸ்’ அமைப்பை இயக்காவிட்டால் முயற்சி எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். காலையில் ஐந்தாறு தடவை அறுந்த இணைப்பு, மாலையில் ஒருமுறை அறுந்தாலும் 30 நொடி காத்திருக்கும்.

அடுத்தது, சர்வர் முறையாக மூடிவிட்டுப் போனால் ஆர்எக்ஸ்ஜேஎஸ்ஸின் வெப்சாக்கெட் ஸ்ட்ரீம் பிழை தராது, ‘முடிந்தது’ என்று சொல்லும். ரீட்ரை பிழையை மட்டுமே பார்க்கும். புதுப் பதிப்பு ஏற்றுவதற்காக சர்வரை ஒழுங்காக நிறுத்தித் தொடங்கினால், ரீட்ரை சும்மா இருக்கும், பயனர் திரை உறைந்திருக்கும். ரிப்பீட் என்ற ஆபரேட்டரையும் தாமதத்தோடு சேர்த்துப் போட வேண்டும். சோதனையில் வைஃபையை அணைத்துப் பார்ப்பவர்கள் இதைக் காண மாட்டார்கள். சர்வர் பக்கமிருந்து மூடிப் பாருங்கள்.

மூன்றாவது, இணைப்பு திரும்ப வந்தாலும் "எனக்கு இந்த அறையின் செய்திகள் வேண்டும்" என்ற வேண்டுகோளைத் திரும்ப அனுப்ப வேண்டும். மல்டிப்ளெக்ஸ் முறை இதற்கென்றே இருக்கிறது. சேரும்போது அனுப்ப ஒரு செய்தி, விலகும்போது ஒரு செய்தி, வருவதில் எது நம்முடையது என்று சொல்லும் ஒரு சோதனை. ரீட்ரையை மல்டிப்ளெக்ஸுக்குப் பின்னால் வைத்தால், ஒவ்வொரு மறு இணைப்பிலும் சேரும் செய்தி தானாகப் போகும்.

செய்திகள் வெள்ளமாக வந்தால் தாங்குமா? பேக்பிரஷர் உண்டா?

கிடையாது. "கொஞ்சம் மெதுவாக அனுப்பு" என்று மூலத்திடம் சொல்லும் வழி ஆர்எக்ஸ்ஜேஎஸ்ஸில் இல்லை. வருவதை நீங்கள் தள்ளலாம் அல்லது தேக்கலாம், அவ்வளவுதான்.

தள்ளலாம் என்பதற்குப் பங்கு விலை நல்ல உதாரணம். நொடிக்கு சில நூறு விலைகள் வந்தாலும் திரை பெரும்பாலும் நொடிக்கு 60 முறைதான் வரைகிறது. ஆடிட்டைமை 0 என்று வைத்து அனிமேஷன்ஃப்ரேம் ஷெட்யூலரைக் கொடுத்தால், ஒவ்வொரு வரைதலுக்கும் கடைசி விலை மட்டும் போகும். தாவல் மறைந்திருந்தால் உலாவி வரைவதை நிறுத்திவிடும், இதுவும் நிற்கும், நினைவகத்திலும் ஒரே ஒரு மதிப்புதான் இருக்கும்.

அரட்டைச் செய்திகளைத் தள்ள முடியாது. தேக்க வேண்டும்: பஃபர்டைமில் 100 மில்லிநொடிக்கு வந்ததையெல்லாம் ஓர் அணியாக்கி ஒரே தடவையில் பட்டியலில் சேருங்கள். ஆனால் கவனம், கான்கேட்மேப்பின் வரிசைக்கு நீள வரம்பே இல்லை. வருவது வேகம், முடிப்பது மெதுவு என்றால் அந்த வரிசை நினைவகத்தைத் தின்றுகொண்டே வளரும், எச்சரிக்கை எதுவும் வராது.

பெரிய கோப்பைப் படித்து, மாற்றி, எழுதும் வேலைக்கு நோடின் சொந்த ஸ்ட்ரீமோ, வலைத் தரத்தின் ரீடபிள்ஸ்ட்ரீமோ, அசிங்க் இட்டரேட்டரோதான் சரி. அவற்றில் படிப்பவர் கேட்டால்தான் அடுத்த துண்டு வரும். அங்கே ஆர்எக்ஸ்ஜேஎஸ்ஸைத் திணிக்காதீர்கள்.

இன்டர்வெல் ஒரு நொடிக்கு ஒருமுறை என்று வைத்தேன். தாவல் மாறிவிட்டு வந்தால் கணக்குத் தப்புகிறது.

உலாவி வேலை. மறைந்திருக்கும் தாவலின் டைமர்களைக் குரோம் நொடிக்கு ஒன்றாகக் குறைக்கும். ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருந்தால் 88-ஆம் பதிப்பிலிருந்து நிமிடத்துக்கு ஒன்றாகவும் குறைக்கும். எத்தனை துடிப்பு வந்தது என்று எண்ணாதீர்கள். ஒவ்வொரு துடிப்பிலும் கடிகாரத்தைப் பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

எல்லா சப்ஸ்கிரிப்ஷனையும் நான்தான் மூட வேண்டுமா?

தானாக முடியும் ஸ்ட்ரீமுக்குத் தேவையில்லை. மற்றவற்றுக்குத் தேவை. டேக்அன்டில் போட்டு ஒரே சமிக்ஞையில் எல்லாவற்றையும் மூடுவது சுத்தமான வழி. ஆங்குலர் 16-இலிருந்து இதற்கென்றே டேக்அன்டில்டிஸ்ட்ராய்டு உண்டு. அதைப் பைப்பின் கடைசியில் வையுங்கள். ஸ்விட்ச்மேப்புக்கு முன்னால் வைத்தால் வெளி ஸ்ட்ரீம் நிற்கும், உள்ளே ஏற்கெனவே தொடங்கியது ஓடிக்கொண்டே இருக்கும்.

கம்பைன்லேட்டஸ்ட் எதுவுமே தரவில்லை. ஃபோர்க்ஜாயினும் அப்படியே.

கம்பைன்லேட்டஸ்ட், சேர்ந்த ஒவ்வொரு ஸ்ட்ரீமும் குறைந்தது ஒரு மதிப்பு தரும்வரை வாய் திறக்காது. தராததற்கு ஸ்டார்ட்வித் போடுங்கள். ஃபோர்க்ஜாயின் எல்லாம் முடிந்தபின்தான் பேசும். அதில் முடிவே இல்லாத ஒன்றைச் சேர்த்திருந்தால் காலமெல்லாம் மௌனம். ஒன்று எதுவும் தராமல் முடிந்தால் ஃபோர்க்ஜாயினும் எதுவும் தராமல் முடிந்துவிடும்.

இதில் இன்னொரு தலைவலி. ஒரே மூலத்திலிருந்து பிரிந்த இரண்டை கம்பைன்லேட்டஸ்ட்டில் சேர்த்தால் நடுவே ஒரு பொய் நிலை வரும். மூலம் ஒரு சப்ஜெக்ட் (வெளியிலிருந்து மதிப்பைத் தள்ளக்கூடிய ஸ்ட்ரீம்), ஒரு கிளை அதை இரண்டால் பெருக்குகிறது, இன்னொன்று பத்தால். மூலத்தில் 1 வந்தால் 2, 10. சரி. அடுத்து 2 வந்தால் முதலில் 4, 10 வரும், பிறகுதான் 4, 20. நடுவில் வந்த 4, 10 எந்த உண்மை நிலையும் அல்ல. திரையில் கண் சிமிட்டலாகப் போய்விடும், ஆனால் அதை வைத்து ஒரு கோரிக்கை அனுப்பினால் தவறான தரவு சேமிப்பாகும். ஒரே மேப்பில் இரண்டையும் கணக்கிடுவதே நல்லது.

சப்ஜெக்ட்டையே எல்லா இடத்திலும் பயன்படுத்தினால் என்ன?

வேலை செய்யும். ஆறு மாதம் கழித்து, இந்த மதிப்பை யார் உள்ளே தள்ளினார்கள் என்று தேடித் தேடி அலைவீர்கள். ஆர்எக்ஸ் அல்லாத உலகத்திலிருந்து உள்ளே வரும் வாசலுக்கு மட்டும் சப்ஜெக்ட்டை வையுங்கள், வெளியே தரும்போது ஆஸ்அப்சர்வபிள் போட்டுத் தாருங்கள். சப்ஸ்கிரைப்புக்குள் இன்னொரு சப்ஸ்கிரைப் எழுதுவதும் இதே வகை நோய். அதற்கு மருந்து மேலே சொன்ன நான்கு மேப்புகள்.

நேரம் சம்பந்தப்பட்டதை எப்படி டெஸ்ட் செய்வது? நிஜமாகக் காத்திருக்க வேண்டுமா?

டெஸ்ட்ஷெட்யூலர் இருக்கிறது. அதன் ரன் முறைக்குள் நேரம் மெய்நிகரானது. ஒரு கோடு ஒரு மில்லிநொடி, எழுத்து ஒரு மதிப்பு (அதுவும் ஒரு மில்லிநொடி எடுத்துக்கொள்ளும்), செங்குத்துக் கோடு முடிவு, # பிழை. 3 மில்லிநொடி டிபவுன்ஸ்டைமுக்கு இப்படி எழுதலாம்:

மூலம்: --க-ச----|
விடை: -------ச-|

2-இல் வந்த "க"வுக்குப் பின் 3 மில்லிநொடி அமைதி இல்லை, "ச" வந்துவிட்டது. ஆகவே "க" தள்ளப்பட்டது. 4-இல் வந்த "ச" அமைதியாக இருந்து 7-இல் வெளிவருகிறது. ஆங்கில எழுத்துதான் போட வேண்டும் என்றில்லை, மேலே உள்ளது அப்படியே ஓடும். "கு", "ச்" என்று மட்டும் போடாதீர்கள். கணினிக்கு அவை இரண்டு குறியீடுகள், இரண்டு மதிப்புகளாக எண்ணிக்கொண்டு நேரக் கணக்கைக் குலைத்துவிடும். அகர உயிர்மெய்களோடு நின்றுகொள்ளுங்கள்.

முப்பது நொடி மறு இணைப்புத் தர்க்கத்தையும் இப்படிக் கண்ணிமைக்கும் நேரத்தில் சோதிக்கலாம். ஆர்எக்ஸ்ஜேஎஸ்ஸை நான் விட்டுவிடாததற்கு இது ஒன்றே பாதிக் காரணம்.

டிபக் செய்ய?

ஆபரேட்டர்களுக்கு நடுவே டேப் போட்டு அச்சிடுங்கள். மதிப்புக்கு மட்டுமல்ல, முடிவு, பிழை, சப்ஸ்கிரைப், அன்சப்ஸ்கிரைப் நான்குக்கும் அதிலேயே இடம் உண்டு. செய்தி வரவில்லை என்று புகார் வந்தால், முதலில் யாராவது சப்ஸ்கிரைப் செய்தார்களா என்று பாருங்கள். சர்வர் பக்கக் கட்டமைப்பான நெஸ்ட்ஜேஎஸ்ஸில் மைக்ரோசர்வீஸ் கிளையன்ட்டின் ‘செண்ட்’ குளிர்ந்த ஸ்ட்ரீமைத் தரும், சப்ஸ்கிரைப் செய்யாவிட்டால் செய்தியே கிளம்பாது. அதே கிளையன்ட்டின் ‘எமிட்’ உடனே அனுப்பிவிடும். இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு மெசேஜ் புரோக்கரைச் சந்தேகிப்பவர்கள் உண்டு.

அசிங்க்–அவெய்ட் கோடுடன் கலக்கலாமா?

கலக்கலாம். ஃபர்ஸ்ட்வேல்யூஃப்ரம் முதல் மதிப்பை ப்ராமிஸாகத் தரும், லாஸ்ட்வேல்யூஃப்ரம் கடைசி மதிப்பை. மதிப்பே தராமல் ஸ்ட்ரீம் முடிந்தால் இரண்டும் பிழை எறியும், வேண்டாமென்றால் இயல்பு மதிப்பு கொடுங்கள். பழைய டுப்ராமிஸ் 7-இல் கைவிடப்பட வேண்டியதாகக் குறிக்கப்பட்டுவிட்டது.

சிக்னல் வந்துவிட்டது, உலாவியிலேயே அப்சர்வபிள் வந்துவிட்டது. இனி இது எதற்கு?

சிக்னல் என்பது ‘இப்போது மதிப்பு என்ன’ என்பதற்கு. ஆங்குலர் 2023-இல் 16-ஆம் பதிப்பில் கொண்டுவந்தது. திரை நிலையை வைத்திருக்க, கடைசி மதிப்பை நினைவில் வைக்கும் சப்ஜெக்ட்டான பிஹேவியர்சப்ஜெக்ட்டைவிட எளிது, மேலே சொன்ன 4, 10 பொய் நிலையும் அதில் வராது. அங்கே மாறிக்கொள்ளுங்கள், நல்லது. ஆனால் டிபவுன்ஸ், ரத்து, மறு இணைப்பு என்று நேரம் வரும் இடங்களில் ஸ்ட்ரீம்தான். டுசிக்னல் இரண்டுக்கும் நடுவே பாலம்.

உலாவி அப்சர்வபிள் 2025-இல் குரோம் 135-இல் வந்தது. ஒரு பட்டனின் ‘வென்’ முறையை அழைத்தால் கிளிக் ஸ்ட்ரீம் கிடைக்கும். மேப், ஃபில்டர், டேக்அன்டில், ஸ்விட்ச்மேப் உண்டு. டிபவுன்ஸ் உள்ளிட்ட நேர ஆபரேட்டர்கள் இல்லை. நிறுத்துவதற்கு அபார்ட்கன்ட்ரோலர். இரண்டு பேர் சப்ஸ்கிரைப் செய்தால் ஒரே மூலத்தைப் பகிர்ந்துகொள்வார்கள். அதாவது ஆர்எக்ஸ்ஜேஎஸ்ஸின் குளிர்ந்த ஸ்ட்ரீம் பழக்கத்தோடு அங்கே போனால் கோரிக்கைகளின் எண்ணிக்கை வேறாக இருக்கும்.

எப்போது வேண்டாம்?

பக்கம் திறந்ததும் ஒரு பட்டியலை வாங்கிக் காட்டுவது, படிவத்தை அனுப்புவது, இவ்வளவுதான் உங்கள் செயலி என்றால் வேண்டாம். குழுவில் ஒருவருக்கு மட்டும் தெரியும், அவரும் நோட்டீஸ் பீரியடில் இருக்கிறார் என்றாலும் வேண்டாம்.

பண்டில் கனமாகிவிடுமா?

5.5-இல் பைப் முறை வந்தபின் பயன்படுத்தாத ஆபரேட்டர்களைப் பண்ட்லர் கழித்துவிடும். 7.2-இலிருந்து ஆபரேட்டர்களையும் நேரடியாக மூலத் தொகுப்பிலிருந்தே இறக்குமதி செய்யலாம், தனிப் பாதை தேவையில்லை.

8-ஆம் பதிப்புக்காகக் காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். 7-இலேயே தொடங்குங்கள். 8-இன் ஆல்பா பதிப்புகளை உற்பத்திச் சூழலில் ஏற்றாதீர்கள். கைவிடப்பட வேண்டியவை என்று எடிட்டர் கோடு போட்டுக் காட்டும் பெயர்களை, ரீட்ரைவென், டுப்ராமிஸ் போன்றவற்றை, இப்போதே தவிர்த்துவிட்டால் பிறகு மாறும்போது வேலை குறையும்.